தன் பிழை மட்டும்

யோகமலர் யாழ்ப்பாணத்துப் பெண். மருத்துவிச்சிப் படிப்பில் தேறி, ஐம்பத்தைந்தாம் ஆண்டு தெமோதரைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்துக்கு வேலைக்கு வந்தாள். அப்போது அவளுக்கு இருபத்தொன்பது வயது. தொழிலாளர் குடியிருக்கும் லயங்களில் பிரசவம் பார்ப்பதோடு, தோட்டத்துப் பெண்கள் ஆறு பேரைப் பிரசவ உதவிக்குப் பழக்கி எடுப்பதும் அவள் பொறுப்பு.

முதல் இரண்டு மாதமும் வீண். யோகமலருக்கு வாய் கொஞ்சம் நீளம். கை கழுவினால் பிழை, துணி அவித்தால் பிழை, தொப்புள்கொடி கட்டினால் அதுவும் பிழை. ஆறு பேரும் பிடித்து வைத்த பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருப்பார்கள். விளங்கியதா என்றால் தலையை ஆட்டுவார்கள். என்னத்தை விளங்கியது, மண்ணாங்கட்டி! மறுநாளும் கையை அதே அரைகுறையாகத்தான் கழுவுவார்கள்.

அந்த ஆறு பேரில் அங்கம்மாதான் கொஞ்சம் வாய் திறக்கிறவள். கொழுந்து பறிக்கிறவள், புருஷன் இல்லை, இரண்டு பெண்பிள்ளைகள். ஒருநாள் வகுப்பு முடிந்ததும் யோகமலர் அவளை நிறுத்தினாள்.

"அங்கம்மா, உண்மையைச் சொல்லுங்கோ. நான் சொல்லித் தாறது விளங்குதோ?"

"பாதி வெளங்கலீங்கம்மா. ஒங்க ஊருப் பேச்சுல படபடன்னு சொல்லிப்புடுறீங்க."

"அப்ப ஏன் ஒருத்தரும் கேக்கேல்லை?"

"கேட்டா தெரியலன்னு ஆயிரும்ல. மலையில தப்ப ஒத்துக்கிட்டா அன்னிக்கு அரைப்பேருதான். தவள தன் வாயால கெடும்னு எங்களுக்குச் சொல்லியா குடுக்கணும்?"

தேயிலை மலையில் நாள் முழுக்க உழைத்தவளுக்கு அரைநாள் கூலி என்று கணக்கில் பதிந்துவிட்டுப் போவதுதான் அரைப்பேர். யோகமலருக்குச் சுருக்கென்றது. நானும் இரண்டு மாதமாக அதைத்தானே செய்துகொண்டிருந்தேன் என்று வெட்கப்பட்டாள்.

மறுநாள் அவள் பாடம் நடத்தவில்லை. படிக்கிற காலத்தில் அவசரப்பட்டுக் கொடியை இழுத்து ஒரு தாயைச் சாகக் கிடத்தியதையும், பயத்தில் அதை மறைத்ததையும் சொன்னாள். "என்ரை பிழையைச் சொல்லிப்போட்டன். இனி நீங்கள்," என்றாள். அன்றிலிருந்து பின்னேரம்தோறும் ஆளுக்கொரு பிழை சொல்ல வேண்டும். ஏச்சுக் கிடையாது. ஆனால் முதல் நாளே, "அவதான் தண்ணி கொண்டாரல", "இவதான் துணிய கீழ போட்டா" என்று சண்டை கிளம்பியதால், தன் பிழையை மட்டும் சொல், அடுத்தவர் பிழையைச் சொல்லாதே என்று யோகமலர் ஒரு சட்டம் வைத்தாள். அவர்களுக்கு எழுதத் தெரியாது. அவளே கொப்பியில் எழுதி, காலையில் வாசித்துக் காட்டுவாள். தன் பிழைகளை அவளும் சொன்னாள். அதையும் எழுதினாள்.

வகுப்புக்கு உயிர் வந்துவிட்டது. யார் முதலில் சொல்வது என்று போட்டி போட்டார்கள், ஒருத்தியை ஒருத்தி கேலி செய்து சிரித்தார்கள். ஆறாம் மாதத்தில் அங்கம்மாவின் கைக்கு யோகமலரே பயமில்லாமல் ஒரு பிரசவத்தை விட்டுவிடுவாள். தேறினால் அவளுக்கு மலை வேலை இல்லை, தோட்டத்து ஆஸ்பத்திரியிலேயே வேலை என்று தோட்டத்தை நடத்தும் துரை சொல்லியிருந்தார். அந்த வேலையை நம்பி அங்கம்மா மூத்தவளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பத் தொடங்கினாள்.

அந்த மார்கழியில் சிலம்பாயி என்ற பெண்ணுக்குக் காலை எட்டு மணிக்குப் பிள்ளை பிறந்தது. அங்கம்மாதான் பார்த்தாள். பிள்ளை நலம். தாய்க்கு இரத்தம் நிற்கவில்லை. செய்தி கேட்டு யோகமலர் ஓடி வந்தபோது ஒன்பது மணி. பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக லொறி கேட்டு உடனே ஆள் அனுப்பினாள். லொறி தேயிலைப் பெட்டி ஏற்றிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போக வேண்டும், ரயில் காத்திராது என்று துரை சொல்லிவிட்டார். லொறி திரும்பி வந்தபோது ஒரு மணி. சிலம்பாயி அதற்கு முன்பே போய்விட்டாள்.

அன்று பின்னேரமும் அங்கம்மா வழக்கம்போல் சொன்னாள். "மொதத் துணி நனஞ்சப்பவே ஆள் அனுப்பியிருக்கணும். ரெண்டாவது துணி வரைக்கும் பாத்துக்கிட்டு நின்னுட்டேன்மா. கால் மணி போயிருச்சு." யோகமலர் அழுதுகொண்டே எழுதினாள்.

விசாரணை வந்தது. கொப்பியை யாரும் கேட்கவில்லை. யோகமலர் தானாகத்தான் கொண்டுபோய் துரையின் மேசையில் வைத்தாள். தன் குற்றத்தை இவ்வளவு நேர்மையாகச் சொல்கிறவளைப் பார்த்தால் யாருக்கும் மதிப்பு வரும் என்று நம்பினாள், பேதை. தோட்டத்துப் பெரிய கிளார்க் அங்கம்மா சொன்ன அந்த ஒரு பக்கத்தை மட்டும் துரைக்கு இங்கிலீஷில் சொன்னார்.

"லொறி கேட்டனான். நாலு மணித்தியாலம் வரேல்லை," என்றாள் யோகமலர்.

கிளார்க் கொப்பியைப் புரட்டினார். "அது இதில எங்கை இருக்கு?"

அது எங்கும் இல்லை. அடுத்தவர் பிழையை எழுதுவதில்லை என்பது அவள் வைத்த சட்டம். தொழிற்சங்கத்து ஆள் வந்து பார்த்தார். அவளே ஒத்துக்கொண்டதை நான் எப்படி மறுப்பது என்று கையை விரித்துவிட்டுப் போனார். அங்கம்மாவைத் தோட்டத்தை விட்டு அனுப்பப் பத்துச்சீட்டு எழுதினார்கள். அவள் குடியிருந்த லயத்துக் காம்பிராவையும் அதோடு காலி செய்ய வேண்டியதாயிற்று.

மொனராகலைப் பக்கம் ரப்பர் தோட்டத்தில் அங்கம்மாவுக்குச் சொந்தக்காரர் இருந்தார்கள். பதுளை பஸ் நிலையம்வரை யோகமலர் கூடப் போனாள். "மன்னிச்சுக்கொள்ளுங்கோ அங்கம்மா," என்றாள். அங்கம்மா அதைக் காதில் வாங்கவில்லை.

"ஒண்ணு மட்டும் சொல்லுங்கம்மா. லாரி ஒடனே வந்திருந்தா அவ பொழச்சிருப்பாளா?"

"பிழைச்சிருப்பாள்."

"நான் கால் மணி சொணங்கியுமா?"

"ஓம். அப்பவும் நேரமிருந்தது."

"இத்தன நாளா நாந்தான் கொன்னுட்டேன்னு சோறு தண்ணி எறங்காம கெடந்தேன்மா. இத நீங்க அன்னிக்கே எனக்குச் சொல்லலியே."

இரண்டு பிள்ளைகளையும் பஸ்ஸில் ஏற்றிவிட்டு அங்கம்மாவும் ஏறிக்கொண்டாள்.

பிறகு அந்தப் பக்கத்திலிருந்து வந்தவர்கள் சொல்லித்தான் யோகமலருக்குத் தெரியும். அங்கம்மா ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறாளாம், மூத்தவளும் கூடப் போகிறாளாம். பக்கத்துக் காம்பிராவில் ஒருத்தி இரண்டு நாளாக வலியில் கத்தியபோதுகூட, தனக்கு ஒன்றும் தெரியாது என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டாளாம்.