முத்திரையை என்னிடம் கொடுக்க வேண்டாம் என்றவர்

சேவையர் சாமுவேல் இறந்த செய்தி வந்தபோது என் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை "ஐயோ" அல்ல. "முத்திரை எங்கை?" என்பதுதான். பெட்டி வீட்டை விட்டு இறங்க முன்பே சங்கத்தின் முத்திரையைக் கேட்டவள் என்று இப்போது நல்லூரிலிருந்து உடுவில் வரை என்னைப் பற்றிக் கதைக்கிறார்கள். கதைக்கட்டும். கேட்டேன்தான். ஏன் கேட்டேன் என்பதை அவரை அறிந்த உங்களுக்குச் சொல்லவே இதை எழுதுகிறேன். நினைவு மலருக்கு அவரைப் புகழ்ந்து நாலு பக்கம் எழுதித் தரும்படி கேட்டிருந்தார்கள். அதற்கு வேறு ஆட்கள் இருக்கிறார்கள்.

அன்று காலை ஏழு மணிபோல, எங்கள் குழு உறுப்பினர் பொன்னுத்துரை அண்ணை சைக்கிளில் வந்து வாசல் படலையில் கால் ஊன்றி நின்றார். "சேவையர் ஐயா விடியப்புறம் மோசம் போட்டார், ஸ்டெல்லா" என்றார். அந்த நேரம் என் வீட்டு விறாந்தையில் மனோன்மணி என்ற பெண் இருந்தாள். தொண்ணூற்றைந்தில் சண்டை நெருங்கி மேற்குப் பக்கத்து ஊர்கள் வெறுமையாகிக்கொண்டிருந்த நாட்கள் அவை. கன்று போட்டு இரண்டு கிழமையான பசுவைக் கொட்டிலில் கட்டியபடி விட்டுவிட்டு ஓடி வந்திருந்தாள். திரும்ப உள்ளே போவதென்றால் வழியில் காவல் நிற்பவர்களுக்கு எங்கள் சங்கத்தின் கடிதத்தைக் காட்ட வேண்டும். கடிதத்தில் முத்திரை இருக்க வேண்டும். முத்திரை தலைவர் சாமுவேலின் அலுமாரியில். தலைவரோ மூன்று கிழமையாகப் படுக்கையில். முந்தின நாள் மத்தியானம் அவர் கட்டிலடியில் நின்று கெஞ்சினேன். கண்ணைத் திறக்காமலே சொன்னார்: "குழு கூடட்டும், பிள்ளை."

அதுதான் அவர் என்னோடு கடைசியாகக் கதைத்த கதை.

எண்பத்து நாலில் எங்கள் வாயில்லாச் சீவன்கள் பாதுகாப்புச் சங்கம் தொடங்கியது. வீட்டைப் பூட்டிக்கொண்டு வெளிநாட்டுக்குப் போன குடும்பங்களின் நாய்கள் தெருவில் எலும்பும் தோலுமாகத் திரிந்த காலம். நான் மாவட்ட அரசாங்க அலுவலகமான கச்சேரியில் தட்டெழுத்தாளர். குருநகர்க் கடற்தொழில் குடும்பத்துப் பெண். அவர் ஓய்வுபெற்ற நில அளவையாளர். அதனால்தான் ஊருக்கு அவர் சேவையர். உடுவிலில் மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்து வளர்ந்த குடும்பம். வெள்ளைக் காற்சட்டை, கறுப்புக் குடை. நாய்களுக்கு ஒரு கொட்டில் போட முன்பே முப்பத்தாறு பந்தியில் சங்கத்தின் சட்டதிட்டமாக யாப்பு எழுதிவிட்டார். "ஒழுங்கு இல்லாட்டில் அது சங்கம் இல்லைப் பிள்ளை, சந்தி" என்பார். அந்த வசனத்தைக் கேட்காதவர் உங்களில் ஒருவரும் இருக்க முடியாது.

அடுத்த வருடம் ஒரு சனிக்கிழமை, மினிபஸ் அடித்துப் பின்கால்கள் நொறுங்கிய நாயொன்றைச் சாக்கில் போட்டுத் தூக்கி வந்து கூட்டம் நடந்த வீட்டு விறாந்தையில் கிடத்தினேன். அதை மிருக வைத்தியரிடம் கொண்டுபோகக் குழுவின் அனுமதி வேண்டும். "முதலிலை போன கூட்டத்தின்ரை அறிக்கை வாசிக்கவேணும்" என்றார் தலைவர். வாசிக்க வேண்டியது செயலாளர். செயலாளர் நான். வெளியில் நாய் முனகுகிறது. உள்ளே நான் மூச்சு விடாமல் வாசிக்கிறேன். இரண்டாம் பக்கத்தில் நாலு வரியைத் தாவினேன். "செயலாளர், ஒரு பந்தி விட்டுப்போச்சு" என்றார். திரும்ப வாசித்தேன். மூன்றாம் பக்கம் முடியும்போது முனகல் நின்றுவிட்டது. சேவையர் எழுந்து வெளியில் போய்ப் பார்த்துவிட்டு வந்து, "இண்டைய அறிக்கையிலை எங்கடை அனுதாபத்தைச் சேர்த்துக்கொள்ளும்" என்றார். சேர்த்தேன். இன்றைக்கும் அது அந்த அறிக்கைக் கொப்பியில் என் கையெழுத்தில் கிடக்கிறது.

ஒவ்வொரு வருடமும் பொதுக்கூட்டத்தில் அவர் தன் பதவி விலகல் கடிதத்தை வாசிப்பார். உடனே சபை முழுக்க எழுந்து நின்று, "ஐயா, நீங்கள் இல்லாமல் சங்கம் இல்லை" என்று கெஞ்ச வேண்டும். அவர் மூன்று தரம் மறுத்து, நாலாந்தரம் சம்மதிப்பார். பிறகுதான் தேத்தண்ணி வரும். எண்பத்தெட்டில் எனக்குப் பொறுக்கவில்லை. அவர் வாசித்து முடித்ததும் எழுந்து, "ஐயாவின்ரை விலகலை ஏற்றுக்கொள்ளச் சொல்லி நான் முன்மொழியிறன். ஆராவது வழிமொழியுங்கோ" என்றேன். பொன்னுத்துரை அண்ணைக்குத் திடீரென்று இருமல் வந்துவிட்டது. சேவையர் கடிதத்தை நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார். "இந்த விசயம் இண்டைய நிகழ்ச்சி நிரலிலை இல்லை. கூட்டம் ஒத்திவைக்கப்படுகுது" என்று சொல்லிவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அன்றைக்கு ஒருவருக்கும் தேத்தண்ணி கிடைக்கவில்லை. அடுத்த வருடமும் அவரே தலைவர்.

இவ்வளவையும் நான் மன்னித்திருப்பேன். மன்னிக்காதது கையெழுத்து விதியை.

அந்த விதி வந்த கதையில் எனக்கும் பங்குண்டு. நல்லூரில் ஒரு கடைவாசலில், நடு வெயிலில், தண்ணீர் காட்டாமல் கட்டிக் கிடந்த நாம்பன் கன்றை நான் அவிழ்த்துக்கொண்டு வந்துவிட்டேன். சொந்தக்காரன் இனசனத்தோடு வந்து நின்று, "கள்ளக் கூட்டம்! மாடு களவெடுக்கவோ சங்கம் வைச்சிருக்கிறியள்?" என்று சத்தம் போட்டான். சேவையர் வெள்ளைக் காற்சட்டையோடு அந்தக் கன்றின் கயிற்றைத் தானே பிடித்துக்கொண்டு, கோயில் வீதி முழுக்கச் சனம் வேடிக்கை பார்க்க நடந்துபோய்த் திருப்பிக் கட்டிவிட்டு வந்தார். முப்பது வருடம் வேலிச் சண்டைக்கு நடுவில் அளவைச் சங்கிலி பிடித்த மனிசன். ஒரு முழ நிலத்துக்குக் கத்தி எடுத்தவர்களைப் பார்த்தவர். "பிறத்தியாரின்ரை உடைமையிலை கை வைக்க எங்களுக்கு ஆர் அதிகாரம் தந்தது?" என்று கேட்டார். சொந்தக்காரரின் கையெழுத்தில்லாமல் எந்தச் சீவனையும் தொடக்கூடாது என்று தீர்மானம் வந்தது. நானும் கை உயர்த்தினேன். நான்தான் தட்டெழுதினேன்.

தொண்ணூறில் கோட்டையைச் சுற்றிச் சண்டை தொடங்கியது. எங்கள் குருநகர் ஒரு பகலில் வெறுமையானது. சட்டி பானையோடு பிள்ளைகளையும் தூக்கிக்கொண்டு ஓடினோம். ஆடுகளும் நாய்களும் கட்டினது கட்டினபடி. நாங்கள் உடுவிலில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஒதுங்கினோம். அடுத்த நாள் காலையே சேவையர் வீட்டுக்கு ஓடினேன்.

"ஐயா, கடிதம் தாங்கோ. போய்க் கயிறுகளை அறுத்துவிட்டால் போதும். தண்ணி தேடி அதுகள் பிழைச்சுக்கொள்ளும்."

"சொந்தக்காரர் ஒப்பம் வைச்சவையோ?"

"அவை ஆர் எங்கை எண்டே தெரியாது, ஐயா!"

"தேடும், பிள்ளை. நாளைக்கு ஒருத்தன் வந்து தன்ரை ஆட்டைச் சங்கம் திண்டுபோட்டுது எண்டால் என்ன பதில் சொல்லுவீர்?"

தேடினேன். பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாக, கோயில் கோயிலாக, ஒரு கொப்பியோடு நாலு நாள். பிள்ளையைக் காணவில்லை என்று அழுதுகொண்டிருந்த தாய்மாரிடம் போய், "உங்கடை ஆட்டுக்கு ஒருக்கால் கையெழுத்து வையுங்கோ" என்று கேட்டிருக்கிறேன். நினைத்தால் இப்போதும் கூசுகிறது. பத்தொன்பது வீடு சேர்ந்தது. சேவையர் ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஒரு பெருவிரல் அடையாளத்துக்குச் சாட்சி இல்லையென்று மறுபடி அனுப்பினார். பிறகுதான் முத்திரை குத்தினார்.

ஒன்றை மறைக்கக் கூடாது. எங்களோடு அவரும் வந்தார். அறுபத்தெட்டு வயதில், ஷெல் விழுந்த தெருவில், குடையோடு. வீடு வீடாகப் பட்டியலை வாசித்தார். நாங்கள் உள்ளே போய் அறுத்தோம். சில வீடுகளில் அறுக்க வேலை இருந்தது. சில வீடுகளில் பிந்திவிட்டோம். அப்படியே எங்கள் வீட்டுப் படலைக்கு வந்தோம். நான் கையை வைத்துத் தள்ளப் போனேன்.

"நில்லும், பிள்ளை. இந்த வீடு பட்டியலிலை இல்லை."

எனக்கு விளங்கவில்லை. "இது என்ரை வீடு, ஐயா."

"வீடும் ஆடும் உம்மடை அப்பான்ரை பேரிலை. அவரின்ரை ஒப்பம் இல்லை."

கொப்பியைப் பறித்துப் பார்த்தேன். உண்மைதான். நாலு நாளும் ஊரெல்லாம் கையெழுத்துக் கேட்டு அலைந்தவள், பொழுதுபட்டால் பக்கத்தில் பாயில் படுத்திருந்த அப்பாவிடம் கேட்க மறந்துபோனேன். "நான் வைக்கிறன், தாங்கோ பேனையை" என்றேன். "செயலாளர் தன்ரை காரியத்துக்குத் தானே ஒப்பம் வைக்கேலாது" என்றார். அவருக்குப் பக்கத்தில், கடிதத்தைப் பார்த்து எங்களை உள்ளே விட்ட காவல்காரர் நின்றார்கள். அவர்களுக்குப் பட்டியல்தான் வேதம். அந்த நேரம் கிட்டத்தில் ஒரு ஷெல் விழ, எல்லோரையும் விரட்டிவிட்டார்கள். படலை திறக்கவே இல்லை.

அடுத்த நாள் அப்பாவின் கையெழுத்தோடு போனேன். ஆடு கயிற்றில் கிடந்தது. கட்டின பூவரசின் பட்டையை எட்டின மட்டும் கடித்துத் தின்றிருந்தது. அந்த ஒரு நாளில்தான் செத்ததோ, அதற்கு முன்பே செத்ததோ எனக்குத் தெரியாது. தெரியாததுதான் என்னை இன்றைக்கும் தின்கிறது. சேவையரிடம் வந்து சொன்னேன். "வருத்தம்தான். ஆனால் அந்தப் பத்தொன்பது வீட்டிலையும் ஒருத்தர் எங்களைக் கள்ளர் எண்டு சொல்லேலாது" என்றார். எரிச்சலில் அந்த இடத்திலேயே குடையைப் பிடுங்கி அடித்திருப்பேன். அடிக்கவில்லை. அவர் சொன்னது சரி என்பதுதான் எரிச்சல்.

இந்த மனிசனின் செத்தவீட்டுக்குத்தான் அன்று காலை போனேன். மனோன்மணியும் பின்னால் வந்தாள். தட்டெழுதிய கடிதம் என் பையில். மண்டபத்தில் பெட்டி, சுற்றிவரச் செபம். நேரே அவர் தங்கச்சி அன்னம் ரீச்சரிடம் போய், "முத்திரை வேணும், ரீச்சர்" என்றேன். அழுதுகொண்டிருந்த பெண்கள் அழுகையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள்.

ரீச்சர் கண்ணைத் துடைத்தார். "அண்ணை முத்திரையை உங்களிட்டைக் குடுக்க வேண்டாம் எண்டு சொன்னவர், பிள்ளை."

"எப்ப?"

"நேற்றுப் பின்னேரம். நீங்கள் வந்திட்டுப் போன பிறகு."

சாகக் கிடந்தபோதும் என்னை மறக்கவில்லை. நன்றாயிருக்கட்டும்! ரீச்சர் அலுமாரியைத் திறந்தார். ஒரு லேஞ்சித் துணியில் சுற்றி வைத்திருந்த முத்திரையையும் மைப்பெட்டியையும் எடுத்து என் கையில் வைத்தார்.

"ஆனால் அது குழுவிலை நிறைவேறின தீர்மானம் இல்லைத்தானே. தனி ஆளின்ரை சொல்லுக்குச் சங்கத்திலை மதிப்பில்லை எண்டு நாளும் பொழுதும் சொன்னது அவர்தானே. கொண்டுபோங்கோ."

செத்தவீட்டில் நான் சிரித்தேன் என்றும் ஊரில் கதைக்கிறார்கள். அதுவும் உண்மை. ரீச்சரும் சிரித்தார், அதை ஒருவரும் சொல்லவில்லை.

வந்தவர்கள் இருக்கப் போட்டிருந்த வாங்கில் கடிதத்தை விரித்தேன். மைப்பெட்டியைத் திறந்தேன். மனோன்மணி பக்கத்தில் நின்றாள். முத்திரையை மையில் ஒற்றிக் கையை உயர்த்தினேன். அப்போது என் வாய் கேட்டது:

"மாடு ஆரின்ரை பேரிலை? உங்கடை புருசன்ரை கையெழுத்து இருக்கோ?"

நான்தான் கேட்டேன். பத்தடி தள்ளிப் பெட்டிக்குள் கிடந்தவர் கேட்கவில்லை. மனோன்மணி என்னை ஒரு பார்வை பார்த்தாள். "அவர் எங்கை எண்டே தெரியாது, அக்கா" என்றாள். அந்தப் பார்வையை எனக்குத் தெரியும். எங்கள் வீட்டுப் படலையில் நின்று நான் சேவையரைப் பார்த்த அதே பார்வை. முத்திரையைக் குத்தினேன். அது சரிவாக விழுந்தது.

பொன்னுத்துரை அண்ணையும் மனோன்மணியும் சைக்கிளில் போய்ப் பின்னேரம் திரும்பினார்கள். பசு வந்தது. கன்று வரவில்லை. பாலைக் குடித்துவிடும் என்று கன்றைத் தாய்க்கு எட்டாத தூரத்தில் கட்டுவதுதானே எங்கள் வழக்கம். "நேற்று வந்திருந்தால்" என்று மனோன்மணி தொடங்கினாள், முடிக்கவில்லை. பசு அன்றிரவு முழுக்க என் வளவில் கத்தியது. நேற்று முத்திரை தராதவர் மீது எனக்கிருந்த கோபம் அதோடு இரண்டு மடங்கானது. அவரை உடுவில் சேமக்காலையில் அடக்கம் செய்தபோது நான் போகவில்லை.

முத்திரை இப்போது என் மேசையில் இருக்கிறது. அதை யார் வைத்திருப்பது என்று தீர்மானிக்கக் குழு இன்னும் கூடவில்லை. வெற்றுக் கடிதங்களில் முன்கூட்டியே குத்தி அடுக்கி வைத்திருக்கிறேன். மாட்டைத் தேடி வருகிறவர் என் விறாந்தையில் ஒரு மணித்தியாலம் காத்திருக்கக் கூடாது. இதைக் கண்டால் சேவையர் பெட்டியை உடைத்துக்கொண்டு எழும்பி வருவார். வரட்டும்.

ஆனால் ஒவ்வொரு முறையும், ஒவ்வொருவரிடமும், கடிதத்தை நீட்ட முன்பு அந்தக் கேள்வி என் நாக்கு நுனிக்கு வந்துவிடுகிறது. விழுங்குகிறேன். திரும்ப வருகிறது. பதினொரு வருடம் அந்த மனிசனோடு சண்டை பிடித்து, அவரிடமிருந்து எனக்கு ஒட்டிக்கொண்டது இதுதான். எனக்குக் கொடுக்க வேண்டாம் என்று அவர் சொன்னது முத்திரையை மட்டும்தான்.