வத்தல்மலையில் பெடலை விடாத ஷூ

புது சைக்கிள் ஷூவின் அடியில் மூன்று துளை. அதைப் பெடலில் பூட்டுகிற கிளீட்டுக்கு இரண்டே துளை. நடுவில் அடாப்டர் தகடு வைத்து முறுக்கிக்கொண்டு, இன்று காலை வத்தல்மலை ஏறினேன்.

மூன்றாவது வளைவில் எதிரே மினி பஸ். நிறுத்திவிட்டு, ஷூவைப் பெடலிலிருந்து கழற்றக் குதிகாலைத் திருப்பினேன். போல்ட் தளர்ந்து கிளீட்டும் கூடவே திரும்பியது, கழலவில்லை. சைக்கிளோடு சாய்ந்தேன்.

பஸ் டிரைவர் இறங்கி என் காலை இழுத்தார். பஸ்ஸில் சாமை மூட்டையோடு வந்த அக்கா சைக்கிளை இழுத்தார்.

"செருப்ப எதுக்குங்க வண்டியில பூட்டி வச்சிருக்கீங்க?" என்றார் அக்கா.

"அப்பதாங்க மேடு நல்லா ஏறும்."

கீழே கிடந்த என்னைப் பார்த்தார். "அது ஏறட்டும். நீங்க பஸ்ல வாங்க."

ஷூவின் பட்டையை அவிழ்த்து, காலை மட்டும் உருவிக்கொண்டு, சைக்கிளைக் கூரையில் ஏற்றிவிட்டு பஸ் ஏறினேன்.

ஷூ இன்னும் பெடலில்தான் இருக்கிறது. கழற்றத் தெரிந்தவர்கள் சொல்லுங்க. வூட்டுல சைக்கிளையே செருப்பு ஸ்டாண்டில் விடச் சொல்கிறார்கள்.