ஆட்டத்துக்குச் சம்பளம்

கடலூர்ப் பக்கம் ஒரு மில்லில் எனக்குக் குமாஸ்தா வேலை. பேருக்குத்தான் குமாஸ்தா. உண்மையான வேலை பூப்பந்து ஆடுவது. கம்பளி நூல் பந்து, ஆளுக்கொரு மட்டை, பக்கத்துக்கு ஐந்து பேர். அறுபதுகளில் ஊருக்கு ஊர் டோர்னமென்ட் நடக்கும். மில்லின் பெயர் பேப்பரில் வரவேண்டும் என்பதற்காகவே முதலாளி எங்களைச் சம்பளம் கொடுத்து வைத்திருந்தார். காலையில் கையெழுத்துப் போடுவேன், சாயங்காலம் மைதானத்தில் நிற்பேன். ராஜ வாழ்க்கை!

இதை வெளியாட்களுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது என்பது சிதம்பரத்துக்குப் பெண் பார்க்கப் போனபோதுதான் தெரிந்தது. கூட வந்த என் தாய்மாமா வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை.

"நம்ம பையன் சாதாரண ஆளு இல்லீங்க. பெரிய ஆட்டக்காரன்! ஆட்டத்துக்குன்னே மில்லுல சம்பளம் குடுக்குறாங்க."

பெண்ணின் அப்பா கையிலிருந்த வெற்றிலையை அப்படியே கீழே வைத்தார். "ஆட்டம்னா... சீட்டாட்டமா, கூத்தாட்டமா?"

காபித் தட்டோடு நின்ற பெண் களுக்கென்று சிரித்துவிட்டாள். அவ்வளவுதான், கட்டினால் இவளைத்தான் என்று அங்கேயே முடிவு பண்ணிவிட்டேன். மாமா பந்து, மட்டை என்று கையை ஆட்டி ஆட்டி விளக்கினார். மனிதர் மசியவில்லை.

"பந்தடிக்கிறதுக்குச் சம்பளமா? நாளைக்குக் கால் ஒடிஞ்சா எம் பொண்ணு கதி? சரி, யோசிச்சு சொல்றோம்."

பெண் வீட்டில் அப்படிச் சொன்னால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாதா! பஸ்ஸில் மாமாவைப் பிடிபிடியென்று பிடித்துக்கொண்டேன்.

"அட போடா, ஞாயித்துக்கெழம ஆட்டத்த வந்து பாருங்கன்னு அவர்கிட்ட சொல்லிட்டுத்தான் வந்திருக்கேன்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை மஞ்சக்குப்பம் மைதானத்தில் பைனல். கூட்டத்தில் பெண்ணின் அப்பாவைப் பார்த்ததுமே என் கண் பந்தை விட்டுவிட்டு அவர் பக்கமே போயிற்று. வந்த பந்தையெல்லாம் வலையில் அடித்தேன். "மாமனாரப் பாக்காதடா, பந்தப் பாரு" என்று கூட்டாளிகள் வேறு கேலி. போச்சு, இவள் நமக்கில்லை என்று மனசு விட்டுப்போயிற்று. கடைசி செட்டில்தான் கொஞ்சம் கை வந்தது. சரிக்குச் சரியாக நின்றபோது கோட்டோரமாக ஒன்று வெட்டினேன். சுண்ணாம்பு தெறித்தது. அம்பயர் "அவுட்" என்றார். எனக்கு வந்த கோபத்துக்கு மட்டையை அவர் தலையிலேயே போட்டிருப்பேன். அதற்குள் கயிற்றைத் தாண்டி ஒருவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உள்ளே வந்துவிட்டார். பெண்ணின் அப்பா!

"யோவ், கண்ணு தெரியுதாய்யா ஒனக்கு? எங்க மாப்ள அடிச்சது கோட்டு மேலதான்யா வுழுந்துச்சு!"

அம்பயர் மாற்றிச் சொல்லவில்லை. நாங்கள் தோற்றோம். முதலாளி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். நான் மட்டும் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன்.