வரப்புச் சண்டைக்காரிக்கு ஒரு பவர் பத்திரம்

முதுகுத்தண்டில் ஆபரேஷன் செய்தே ஆக வேண்டும் என்று டாக்டர் சொன்ன நாளிலிருந்து தீனதயாளனுக்கு முதுகுவலியைவிடப் பெரிய தலைவலி ஒன்று வந்து சேர்ந்தது. ஆபரேஷன் முடிந்து மூன்று மாதம் சென்னையில் மகள் சுபஸ்ரீ வீட்டில் படுத்துக் கிடக்க வேண்டும். பஸ் ஏறவே கூடாது. சர்க்கார்காரர்களுக்கு வேறு மாதமே கிடைக்கவில்லை போலிருக்கிறது, அதே மூன்று மாதத்துக்குள்தான் திருநாவலூர் ரோட்டை அகலப்படுத்த நிலம் அளக்க வருகிறார்களாம். அவருடைய ஒண்ணே முக்கால் ஏக்கரில் ரோட்டோரமாக ஒரு துண்டு போகிறது. அளக்கும்போது சொந்தக்காரன் பக்கத்தில் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் அவர்கள் நட்ட இடத்தில்தான் கல். அறுபது வயதுவரை அந்த ஒண்ணே முக்கால் ஏக்கரைத் தவிர அவருக்கு வேறு பிழைப்பு இருந்ததில்லை.

உளுந்தூர்பேட்டையில் பத்திரம் எழுதும் காசிநாதன் ரொம்பச் சுலபமாகச் சொல்லிவிட்டார்.

"நம்பிக்கையான ஆளா பாத்து ஒரு பவர் எழுதிக் குடுத்துட்டுப் போங்க. உங்க சார்பா அவுங்க நிப்பாங்க, கையெழுத்தும் போடுவாங்க. இதுக்குப் போயி இன்னாத்துக்குக் கவலைப்பட்டுக்கினு?"

அந்த நம்பிக்கையான ஆளைத் தேடுவதற்குள் தீனதயாளனுக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

முதலில் வந்து நின்றவன் மகன் அஜித்குமார். சென்னையில் கார் விற்கும் கடையில் வேலை. "தனித்தனியா எதுக்குப்பா? ஜெனரல் பவரா குடுத்துடு. விக்கறது, வாங்கறது எல்லாம் சேத்து. ஒவ்வொண்ணுக்கும் உன்னைத் தொந்தரவு பண்ண வேணாம் பாரு" என்றான். நிலத்தின் எல்லை எதுவரை என்று அப்பா கேட்டதற்கு, வேப்பமரம் வரைக்கும் என்றான். அது பக்கத்து நிலத்து வேப்பமரம். எல்லை தெரியாத பிள்ளைக்கு, அந்த இடத்தைப் பிளாட் போட்டால் சதுர அடி என்ன விலை போகும் என்பது மட்டும் தலைகீழாகத் தெரிந்திருந்தது.

மனைவி அம்சவள்ளி நல்லவள்தான். ஆனால் ஆபீஸ் வாசல் என்றாலே அவளுக்குப் பயம். சீக்கிரம் வீட்டுக்குப் போக விட்டால் போதும் என்று நீட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டுவிடுவாள். மச்சான் சடையன் யோக்கியன், அதில் சந்தேகமில்லை. ஆனால் காலையில் மட்டும். அளக்கிற வேலை மதியத்துக்கு மேல் இழுத்துவிட்டால் என்ன செய்வது?

இந்த லட்சணத்தில் காசிநாதன், தாய்ப் பத்திரத்தையும் நிலத்தின் வரைபடத்தையும் கொண்டுவரச் சொன்னார். பீரோவைத் திறந்தால் தாய்ப் பத்திரத்தில் பாதியைக் கரையான் தின்றிருந்தது. வரைபடத்தைக் காணவே காணோம்.

"கண்ணகியம்மாகிட்ட கேளுங்களேன். உங்க நிலத்துக் காகிதம் மொத்தத்துக்கும் அவுங்க நகல் வச்சிருக்காங்க" என்றார் காசிநாதன்.

தீனதயாளனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கண்ணகி, பங்காளி வீரமுத்துவின் மனைவி, அவருக்கு அண்ணி முறை. அவள் அந்த வீட்டுக்கு வாழ வந்தபோது இவருக்குப் பன்னிரண்டு வயது. "தீனா, தீனா" என்று கூப்பிட்டுச் சோறு போட்டவள். வீரமுத்து போனபிறகு தனியாளாக நின்று பக்கத்து நிலத்தைப் பார்த்துக்கொள்கிறாள். அவளுக்கும் இவருக்கும் பன்னிரண்டு வருடமாகப் பேச்சு இல்லை. காரணம் வரப்பு. வருஷா வருஷம் உழவு முடிந்ததும் வரப்பு தன் பக்கம் மூன்று விரற்கடை நகர்ந்திருக்கிறது என்பது அவள் வழக்கு. தாலுகா ஆபீசில் மனு கொடுத்தாள். திங்கள்கிழமைகளில் பஸ் பிடித்துக் கள்ளக்குறிச்சிக்குப் போய்க் கலெக்டரிடம் கொடுத்தாள். ஒவ்வொரு மனுவுக்கும் இவருடைய பட்டா, சிட்டா, வரைபடம் எல்லாவற்றையும் நகலெடுத்து இணைத்தாள். அதனால்தான் அவர் நிலத்தின் காகிதங்கள் அவர் பீரோவில் இருந்ததைவிட அவளுடைய மஞ்சள் பையில் பத்திரமாக இருந்தன.

வேறு வழியில்லாமல் காசிநாதனையே விட்டு வாங்கிவரச் சொன்னார். ஒரு காகிதம் விடாமல் வந்தது, கூடவே நகலெடுத்த செலவுக்கு ரசீதும் வந்தது.

அந்தக் கட்டைப் புரட்டிக்கொண்டிருந்தபோதுதான் அவருக்குப் போன வருடம் நடந்த ஒன்று ஞாபகத்துக்கு வந்தது. கரும்புக்காக நிலத்தைக் குத்தகைக்குப் பார்க்க ஒருவர் வந்திருந்தார். அவர் நேராகக் கண்ணகியிடம் போய் விசாரித்தார். மோட்டார் கொட்டகைக்குள் நின்றிருந்த தீனதயாளன், 'தொலைந்தது, இன்றைக்கு நம் மானத்தை வாங்கப்போகிறாள்' என்று பல்லைக் கடித்துக்கொண்டார். அவளோ, "நெலத்துல ஒரு குத்தமும் இல்லீங்க. கெணறு வத்தாது. பட்டா அவன் பேருலதான் கீது. வரப்புல மட்டும் ரெண்டடி என்னுது. அதை உட்டுட்டு அளந்துக்குங்க" என்றாள். ஊரே கேட்க அவரைத் திட்டியவள்தான். ஆனால் இல்லாத ஒன்றைச் சொல்லி அவள் திட்டியதே இல்லை.

அன்று சாயங்காலம் வீட்டில் முடிவைச் சொன்னார். அம்சவள்ளி தலையில் அடித்துக்கொண்டாள். அஜித்குமார் போனில் கத்தினான். "உனக்கு ஆபரேஷன் முதுகுலயா, தலைலயாப்பா? எதிர்க்கட்சிக்கே பவர் எழுதறவன் உலகத்துலயே நீ ஒருத்தன்தான்!"

காசிநாதன் கடைக்குக் கண்ணகி வந்தாள். நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு, தீனதயாளன் முகம் தெரியாதபடி உட்கார்ந்தாள்.

"என்னை உட்டா அவருக்கு ஆளே இல்லியான்னு கேளுங்க" என்றாள் காசிநாதனிடம்.

"இல்லைன்னு சொல்லுங்க" என்றார் தீனதயாளன்.

"வரப்பு சண்டை முடிஞ்சிட்ச்சின்னு நெனைச்சிக்கப்போறாரு. அது வேற, இது வேறன்னு சொல்லிடுங்க."

நடுவில் மாட்டிக்கொண்ட காசிநாதன் எதையும் யாருக்கும் சொல்லாமல் எழுதியதை நீட்டினார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வரிவரியாகப் படித்தாள். முதல் தடவை நில அளவு தப்பு என்று திருப்பிக் கொடுத்தாள், தப்புதான். இரண்டாவது தடவை ஒரு வரியில் விரலை வைத்தாள். "விக்கிற அதிகாரமும் உண்டுன்னு போட்டிருக்கீங்களே, அதை அடிங்க. எனக்கு அது வேணாம். அளக்கறது, விசாரணை, இது ரெண்டுத்துக்கு மட்டும் எழுதுங்க." மூன்றாவது தடவை எழுதும்போது மணி பன்னிரண்டாகியிருந்தது. வலியில் உட்காரவும் முடியாமல் நிற்கவும் முடியாமல் தீனதயாளன், 'நானாகத் தேடிப்போய் வாங்கிக்கொண்ட தலைவலி' என்று தன்னையே நொந்துகொண்டார்.

பதிவு ஆபீசில், "இவங்க உங்களுக்கு என்ன வேணும்?" என்று கேட்டார்கள்.

"அண்ணிங்க."

"பேச்சுவார்த்தை கிடையாது. அதையும் எழுதிக்குங்க" என்றாள் கண்ணகி. எழுதிக்கொண்டிருந்தவர் ஒருமுறை இருவரையும் நிமிர்ந்து பார்த்துவிட்டு, கைரேகை வைக்கச் சொன்னார்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. நான்காவது வாரம் ஒரு மதியம் காசிநாதனிடமிருந்து போன் வந்தது. குரலிலேயே புலம்பல்.

"இன்னாங்க பவர் குடுத்தீங்க! சர்வேயர் கோவிச்சிக்கினு எழுந்து போயிட்டாரு. உங்க அண்ணி பண்ண வேலையை அவுங்க வாயாலயே கேளுங்க."

மகன் சொன்னதைக் கேட்டிருக்கலாமோ என்றுகூடத் தீனதயாளனுக்குத் தோன்றியது. போன் கை மாறியது.

"தீனா" என்றாள் கண்ணகி. பன்னிரண்டு வருடத்துக்குப் பிறகு. "ரோட்டோரம் அளந்தாங்க. உன் தென்னை ரெண்டையும் கணக்குல உட்டுட்டாங்க. சண்டை போட்டு எழுத வச்சிட்டேன். அப்புறம் பக்க எல்லை பாக்கணும்னு நம்ம வரப்பையும் அளந்தாங்க."

"உம்."

"ரெண்டடி ரெண்டங்குலம் எனக்கு வந்துச்சி. நான் சொன்னதுக்கு மேல ரெண்டங்குலம். என் கையெழுத்தை வாங்கிக்கினாங்க. அடுத்து, உன் சார்பா சம்மதம்னு போடச் சொன்னாங்க. போட மாட்டேன்னுட்டேன். மறுபடியும் அளக்கணும்னு உன் சார்பா ஆட்சேபணை எழுதிக் குடுத்துட்டேன்."

அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. "உங்களுக்கு சாதகமாத்தான வந்துச்சிங்க?"

"அதையேதான் அந்த சர்வேயரும் கேட்டாரு. எனக்கு வந்துச்சி, உனக்கு வரலியே! நீ அங்க நின்னிருந்தா ஒத்துக்குவியா? குதிச்சிருப்ப. நீ இன்னா சொல்லுவியோ அதைத்தான நான் சொல்லணும்? அதுக்குத்தான பவர் குடுத்த?"

வரப்பு தானாக நகராது என்பது தீனதயாளனுக்குத் தெரியும். டிராக்டர்காரனிடம் ஒவ்வொரு வருடமும், "கொஞ்சம் அந்தப் பக்கமா ஒட்டி ஓட்டு" என்று சொன்னது அவர்தான். இப்போது அந்த ரெண்டடிக்காக அவர் சார்பில் மல்லுக்கட்டி, கைக்கு வந்ததைத் தள்ளிவிட்டு வந்து நிற்கிறாள். அவருக்கு வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்திலும் அவள்மேல் எரிச்சல்தான் முதலில் வந்தது.

"அண்ணி, அது உங்க நெலந்தாங்க. ஆட்சேபணையை வாபஸ் வாங்கிடுங்க."

"போன்ல சொன்னா ஆவாது. நாளைக்கு அப்படிச் சொல்லவே இல்லைம்ப. எழுதி அனுப்பு."

"அட, எனக்காகக் கையெழுத்து போடத்தான உங்களுக்குப் பவர் எழுதிக் குடுத்துக்கீறேன்! நீங்களே போடுங்களேன்!"

"எனக்கு நெலம் வர்றதுக்கு உன் கையெழுத்தை நானே போட்டுக்கினா அதுக்குப் பேரு இன்னா? நீ போடுற கையெழுத்துதான் எனக்கு வேணும்" என்று போனை வைத்துவிட்டாள்.

"உசுரை வாங்குறாங்களே" என்று முனகிக்கொண்டே, தீனதயாளன் மகளிடம் வெள்ளைத் தாளும் பேனாவும் கேட்டார். உட்காரக் கூடாது என்பதால் அட்டையை மார்பில் நிறுத்தி மல்லாந்தபடியே எழுதினார். பேனாவில் மை இறங்காமல் இரண்டு தாள் வீணாயிற்று. மூன்றாவது தாளைச் சுபஸ்ரீ வாங்கிப் படித்தாள்.

"'மேற்படி ரெண்டடி ரெண்டங்குலம் என் அண்ணி கண்ணகிக்குப் பாத்தியமானது'ன்னு எழுதினது சரிப்பா. கீழ எதுக்கு, 'இது எனக்குப் பன்னிரண்டு வருடமாகத் தெரியும்'னு எழுதிக்கீற? அதை யார் கேட்டாங்க?"

"யாரும் கேக்கல. ஆனா அது இல்லைன்னா அண்ணி திருப்பி அனுப்பிடுவாங்க" என்றார் தீனதயாளன்.