ராகு காலமும் ரெசின் வாளியும்

பிள்ளைப்பாக்கம் தணிகாசலத்துக்கு ஆண்டவன் பொறுமையை அளந்து போடும்போது படி கவிழ்ந்துவிட்டது. தன் கல்யாணத்திலேயே கெட்டிமேளம் கொட்டுவதற்குள் தாலியைக் கட்டி முடித்த மனுஷன். செங்கல் சூளையில் காயாத கல்லை எடுத்து அடுக்கி வேலையை இழந்தார். லாரி ஷெட்டில் கயிறு இறுக்குவதற்குள் வண்டியைத் தட்டி அனுப்பி, மூட்டைகளை ரோட்டில் உருளவிட்டார். ஆக்கப் பொறுத்தவனுக்கு ஆறப் பொறுக்கவில்லை என்பார்கள். இவருக்கு ஆக்கவே பொறுக்காது.

அப்படிப்பட்டவரைத்தான் தொண்ணூற்றொன்றாம் வருஷம் ஆவணியில் வசந்தகுமார் வேலைக்கு எடுத்துக்கொண்டார். ஒரகடம் ரோட்டோரம் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட சின்ன ஷெட். அச்சின்மேல் கண்ணாடி இழைப் பாயை விரித்து, ரெசின் என்ற பிசினைப் பூசி இறுகவிட்டு, ஃபைபர் தண்ணீர்த் தொட்டி செய்வதுதான் தொழில். தணிகாசலத்தின் மனைவி செல்லம்மாள் நிறைமாதத்தை நெருங்கிக்கொண்டு சூளையில் கல் சுமந்துகொண்டிருந்தாள். இந்த வேலை நிலைத்தால் அவள் தலையிலிருந்து கல் இறங்கும். நிலைக்காவிட்டால் பிரசவ வலி வரும்வரை சுமக்க வேண்டியதுதான்.

தொழிலின் சூட்சுமத்தை வசந்தகுமார் முதல் வாரத்திலேயே விளக்கிவிட்டார். "ரெசின்ல நீள நீள நூலுங்க தனித்தனியா மிதந்துனு இருக்குதுன்னு வெச்சுக்க. கேட்டலிஸ்ட்டுன்னு ஒரு மருந்து, அத விட்டதும் நூலுக்கும் நூலுக்கும் நடுவுல முடிச்சு விழும். முடிச்சு ஏறி ஏறி, வாளியோட இந்த ஓரத்துலருந்து அந்த ஓரம் வரைக்கும் ஒரே வலையா ஆயிடுச்சுன்னா அதான் ஜெல். அதுக்கப்புறம் அத உருக்கவும் முடியாது, கரைக்கவும் முடியாது."

"எம்மா நேரம் சார் தாங்கும்?"

"நெழல்ல ஒரு இருவது நிமிஷம். வெயில் ஏறுனா அதுவும் கெடையாது."

அச்சு மட்டும் அவருடையதல்ல. அம்பத்தூரில் ஒரு தெரிந்தவரிடம் இரவல் வாங்கியது. தொட்டி அச்சோடு ஒட்டிக்கொள்ளாமல் இருக்க, மெழுகு தேய்த்து, அதன்மேல் பி.வி.ஏ. என்ற திரவத்தைப் பூசிக் காயவிடுவார்கள். காய்ந்ததும் பாலாடை போல ஒரு மெல்லிய படலம் நிற்கும். அந்தப் பூச்சு வேலை ஞானம்மாவுடையது. குன்றத்தூரிலிருந்து பஸ் ஏறி வருகிற, வயதில் மூத்த, வாயாடாத பெண்மணி.

முதல் தொட்டிக்கு வெள்ளிக்கிழமை குறித்தார்கள். பத்தரை மணியிலிருந்து பன்னிரண்டு வரை ராகு காலம். அது முடிந்த கையோடு தொடங்க வேண்டும் என்பது முதலாளியின் உத்தரவு. அவர் மனைவி ரஞ்சனி, கல்யாணமாகி ஆறு மாசமே ஆன பெண், பூஜைக்கு வந்திருந்தாள். அச்சுக்குச் சந்தனம் குங்குமம் வைத்தாள், மாவிலையால் மஞ்சள் தண்ணீர் தெளித்தாள். ஞானம்மா பின்பக்கம் கண்ணாடி இழைப் பாயை வெட்டிக்கொண்டிருந்தாள். வசந்தகுமாரோ கடிகாரத்தை முறைத்துக்கொண்டிருந்தார்.

தணிகாசலத்துக்குக் கை துறுதுறுத்தது. மணி அடித்ததும் பிரஷ் அச்சில் பட வேண்டாமா? கலக்கியே வைத்துவிட்டால் என்ன? வாளி ரெசினில் கேட்டலிஸ்டை ஊற்றினார். தாராள மனசு, கொஞ்சம் கூடவே ஊற்றினார்.

பன்னிரண்டு அடித்தது. ஆனால் ரஞ்சனி, "நம்ம கடிகாரம் முந்தி ஓடுதுங்க, இன்னும் கொஞ்சம் பொறுங்க" என்றாள். பிறகு கற்பூரம் பற்றவில்லை. பிறகு தேங்காய் சரியாக உடையவில்லை. கூரைக்கடியில் அனல். தணிகாசலம் வாளியில் பிரஷ்ஷை விட்டுப் பார்த்தபோது ரெசின் வெண்டைக்காய்க் கொழகொழப்பாய் இழுத்தது. அடுத்த முறை விட்ட பிரஷ் வெளியே வரவே இல்லை. வாளி கையைச் சுட்டது, புகைந்தது. தூக்கிக்கொண்டு ஓடி வெளியே மணலில் வைத்தார். உள்ளே இருந்தது விரிசல் விட்டுக் கல்லாகிப் போயிருந்தது.

வசந்தகுமாருக்கு முகம் சிவந்துவிட்டது. "யாரு உன்ன கலக்கச் சொன்னது? மொத நாளே இப்டி அபசகுனம். நாளையிலருந்து வராத தணிகாசலம்."

தணிகாசலம் தூக்குச் சட்டியை எடுத்தார். செல்லம்மாளிடம் இதை எப்படிச் சொல்வது? அவள் திட்டமாட்டாள். அதுதான் பெரிய கொடுமை.

ரஞ்சனி அதற்குள், வேலை நின்றுபோன அச்சிலிருந்து குங்குமத்தைத் துடைக்கப் போனாள். விரலோடு ஏதோ வழுக்கிக்கொண்டு வந்தது, ஊறிப்போன தோல் மாதிரி. "ஞானம்மாக்கா, இது இன்னா இப்டி உரிஞ்சினு வருது?"

தணிகாசலத்துக்குப் பளிச்சென்று புரிந்துவிட்டது. படலமும் நூல்தான், ஆனால் முடிச்சு விழாத நூல். தண்ணீர் பட்டால் உப்பி, கூழாகி, கரைந்துவிடும். மஞ்சள் தண்ணீர் விழுந்த இடமெல்லாம் பூச்சு போய்விட்டது. அதன்மேல் ரெசினைப் பூசியிருந்தால் அச்சும் தொட்டியும் ஒன்றாகிப் போயிருக்கும். உடைத்துத்தான் எடுக்க வேண்டும். இரவல் அச்சு, புது ஷெட், எல்லாம் அன்றோடு முடிந்திருக்கும். வாளி கல்லானதால் அச்சு பிழைத்தது.

இதைச் சொன்னால் வேலை திரும்பக் கிடைக்கும். சொல் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஆனால் அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்தார். புருஷனின் முதல் தொழில், அவள் கையால் வைத்த முதல் பூஜை. எல்லார் எதிரிலும் அவளைத் தலைகுனிய வைத்து வாங்குகிற வேலை உடம்பில் ஒட்டுமா? பிறந்ததிலிருந்து எதையும் அடக்கியறியாத மனுஷன் அன்றைக்கு வாயை அடக்கினார். தூக்குச் சட்டியோடு வாசலைப் பார்த்து நடந்தார்.

ஞானம்மா விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னாள்: "தண்ணி பட்டுகீது மா."

ரஞ்சனி அச்சைப் பார்த்தாள், வாசலை நோக்கிப் போகிற தணிகாசலத்தைப் பார்த்தாள். பிறகு புருஷனிடம் திரும்பினாள். "நான்தாங்க தெளிச்சேன். அந்த அண்ணன் நேரத்துக்குக் கலக்கி, நாமளும் நேரத்துக்குப் பூசியிருந்தா இந்நேரம் அச்சு போயிருக்கும். அவர அனுப்பாதீங்க. திட்டணும்னா வூட்ல வந்து என்னத் திட்டுங்க."

வசந்தகுமார் அச்சைத் தடவிப் பார்த்தார். கோபம் இறங்க நேரம் பிடித்தது. கடைசியில், "தணிகாசலம், சட்டிய வெச்சிட்டு வாய்யா, இதக் கழுவணும்" என்றார்.

மறுநாள் மெழுகு தேய்த்து, புதிதாகப் படலம் பூசி, தொட்டி போட்டார்கள். அதற்கு மறுநாள், அச்சிலிருந்து கழற்றுவதற்காக ஞானம்மா ஓரத்து இடுக்கில் தண்ணீர் ஊற்ற, தணிகாசலம் ரப்பர் சுத்தியலால் சுற்றிலும் தட்டினார். தொட்டி வழுக்கிக்கொண்டு தனியே வந்தது. வசந்தகுமார் சின்னப் பிள்ளை மாதிரி அதைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

ரஞ்சனி எல்லோருக்கும் டீ கொண்டுவந்தாள். தணிகாசலம் டம்ளரை வாங்கிக்கொண்டு, தரையைப் பார்த்தபடி சொன்னார்: "வூட்டுக்காரி இன்னிலருந்து சூளைக்குப் போவலமா. நீங்க அன்னிக்கு வாயத் தொறந்ததாலதான். இந்த ஜென்மத்துக்கு மறக்கமாட்டேன்."

"நீங்க வாயத் தொறக்கலையே அண்ணா, அத நான் பாத்தேன்" என்றாள் அவள். "மொதல்ல புரிஞ்சது உங்களுக்குத்தான்."

தணிகாசலத்துக்குக் கண் கலங்கிவிட்டது. டீ ஆறுகிறவரை அப்படியே நின்றார்.