மீசையில்லாமல் ஊருக்குப் போன கதை

எழுபதுகளின் நடுவில் கொழும்பில் ஒரு கந்தோரில் வேலை பார்த்தேன். கூட இருந்த இளைஞர்கள் மீசையை மழித்து, கிருதாவை இறக்கி, பெல்பொட்டம் போட்டுத் திரிந்தார்கள். நானோ ஆண் என்றால் மீசை என்று வளர்ந்த தீவுக்காரன். ஒரு நாள் துணிந்து வழித்துவிட்டுக் கண்ணாடியைப் பார்த்தேன். இவ்வளவு வடிவான வாயை இத்தனை நாள் மறைத்துவைத்தேனே என்று என்னில் எனக்கே ஆசை வந்துவிட்டது.

அந்த முகத்தோடு லீவில் நெடுந்தீவுக்கு வெளிக்கிட்டேன். குறிகட்டுவான் துறையில் படகு ஏறியதும் எல்லோர் பேச்சும் நின்றது. எங்கள் ஊரில் மீசையை வழிப்பது தகப்பனுக்குக் கொள்ளி வைத்த பிள்ளை மட்டும்தான். என் ஐயாவோ கண் ஒப்பரேசனுக்கு யாழ்ப்பாணம் போயிருந்தவர். சுகமாகி வீடு திரும்பிவிட்டார் என்று எனக்குக் கடிதம் வந்திருந்தது. புங்குடுதீவில் மகள் வீட்டில் ஒரு மாதம் நின்றுவிட்டு அதே படகில் வந்த பக்கத்து வளவுக்காரருக்கு அது தெரியாது. எல்லைக் கல்வேலி அரை முழம் தள்ளிப்போன சண்டையில் ஐயாவோடு எட்டு வருடம் கதையாதவர் அவர்.

"ஐயோ தம்பி, எனக்கு ஒரு சொல் அறிவிச்சிருக்கக் கூடாதோ?" என்று என்னைக் கட்டிப்பிடித்து அழுதார்.

நான் சொன்னது எஞ்சின் இரைச்சலில் எடுபடவில்லை. இறங்கிய பிறகு சொல்லியிருக்கலாம். ஆனால் அவர் ஐயாவைப் புகழப் புகழ எனக்கும் கேட்க ஆசையாக இருந்தது. அழுதபடியே அவரும் என்னோடு வீடுவரை வந்தார். வாசல் படலையைத் திறந்தால், ஒரு கண்ணில் கட்டோடு ஐயா கதிரையில் இருந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார்.

"ஆருடைய செத்தவீட்டுக்கு அழுறீர்?" என்று ஐயா அவரைக் கேட்டார்.

"உம்மடை செத்தவீட்டுக்குத்தான்!"

இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பிறகு ஐயா நல்ல கண்ணை என் பக்கம் திருப்பினார்.

"அப்ப உண்மையாய் நான் செத்தால் நீ என்னத்தையடா வழிப்பாய்?"

பகிடியாகத்தான் கேட்டார். எனக்கு நெஞ்சில் தைத்தது. ஆனாலும் மீசையைத் திரும்ப வளர்க்கவில்லை. அடுத்த வருடம் ஊர்ப் பொடியள் நாலைந்து பேர் என்னைப் போலவே திரிந்தார்கள். படகில் ஒருவரும் அழவில்லை.

சில வருடங்களின் பின் ஐயா காய்ச்சலில் படுத்தார். எழும்ப மாட்டார் என்று பயந்து, ஒருவருக்கும் சொல்லாமல் மீசை வளர்த்தேன். அது கறுத்து அடர்ந்ததும் லீவு எடுத்துக்கொண்டு போய்க் கட்டிலடியில் நின்றேன். ஐயா உற்றுப் பார்த்தார். அவருக்கு விளங்கிவிட்டது.

"போய் வழிச்சுப்போட்டு வா. எனக்கு இப்ப போற யோசினை இல்லை. உனக்கு மீசை இல்லாமல்தான் வடிவு."

கிணற்றடியில் நின்று, சந்தோசத்தோடு வழித்தேன்.