ஸ்குரூ தலையில் சந்தனம்

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஒரு கம்பி ஆலையில் மெயின்டனன்ஸ் ஃபிட்டராக இருக்கிறேன். ஆள் உயர கியர்பாக்ஸைக் கழற்றிப் பூட்டுகிறவன். அப்படிப்பட்டவனின் பெண்டை நிமிர்த்தியது, மடியில் வைத்துக்கொள்கிற ஒரு லேப்டாப்.

சாதாரண லேப்டாப் இல்லை, கேம் ஆடுவதற்கென்றே செய்தது. கீபோர்டுக்குள் சிவப்பு விளக்கு எரியும். கடையில் அந்த விளக்கைப் பார்த்துத்தான் விழுந்தேன். உள்ளே எவ்வளவு இடம் இருக்கிறது என்று கேட்கத் தோன்றவில்லை.

வெள்ளிக்கிழமை எனக்கு வார லீவு. வளைகுடாவில் குடோன் வேலை பார்க்கும் தம்பிக்கும் அன்றுதான். சாப்பிட்டு முடித்ததும் அவன் அங்கிருந்தும் நான் இங்கிருந்தும் ஒரே கார் ரேஸில் இறங்குவோம். ஒரு காலத்தில் கார் பந்தயம் நடந்த சோழவரத்தில் பிறந்த பயல்கள், வேகம் ரத்தத்திலேயே ஓடுகிறது என்று சொல்லிக்கொள்வேன். ஓட்டுவதென்னவோ மாட்டுவண்டி மாதிரிதான்.

ஆனால் அந்த ரேஸை விட்டால் எங்களுக்குப் பேச்சு இல்லை. போனில் என்றால் ‘சாப்டியா’, ‘சாப்டேன்’, ‘வெயிலா’, ‘ஆமா’. அதோடு சரி. கை வேறு வேலையில் இருந்தால்தான் எங்கள் வீட்டு ஆண்களுக்கு வாய் திறக்கும். ரூமில் யாரோடு சண்டை, சூப்பர்வைசர் என்ன சொன்னான், எல்லாவற்றையும் ஏதாவது ஒரு வளைவில் என்னை முந்திப் போகும்போதுதான் தம்பி சொல்வான்.

அந்த கேமுக்குப் பெரிய அப்டேட் ஒன்று வந்தது. போடாவிட்டால் உள்ளே விடாது. போடுவதற்கு டிரைவில் இடம் இல்லை. மகளின் பள்ளி ஆண்டுவிழா, மனைவியின் தையல் வகுப்பு வீடியோக்கள், சொந்தக்காரர் கல்யாணம் அத்தனையும் குடியிருந்தன. எதை அழிக்கலாம் என்று மனைவியைக் கேட்டேன்.

“கேமை அழி” என்றாள்.

அந்த வெள்ளிக்கிழமை தம்பி தனியாக ஓட்டினான். “இன்னாண்ணா, வண்டி பஞ்சரா?” என்று மெசேஜ் வந்தது. “அடுத்த வாரம் பாரு நைனா” என்று பதில் போட்டேன். போட்டதும் முடிவு செய்துவிட்டேன்: புது டிரைவ் மாட்டியே தீருவது.

அதற்கு முதலில் ஒரு விஷயம் தெரியவேண்டும். உள்ளே இரண்டாவது டிரைவ் மாட்ட ஸ்லாட் உண்டா? உண்டென்றால் புதியதைச் சொருகினால் போதும். இல்லையென்றால் பழையதைக் கழற்றி, அதில் இருப்பதையெல்லாம் புதியதற்கு மாற்றவேண்டும். நெட்டில் ஒருவர் உண்டு என்றார், ஒருவர் இல்லை என்றார். திறந்துதான் பார்க்கவேண்டும்.

“கடையில குடுத்துடேன்” என்றாள் மனைவி.

“கியர்பாக்ஸ் கழட்டுறவன் இதைக் கடையில குடுத்தா, பிளான்ட்ல எவன் மதிப்பான்?”

அடுத்த வெள்ளிக்கிழமை காலையில் ஆலை முறைப்படியே தொடங்கினேன். லேப்டாப்பை அணைத்து, சார்ஜரைப் பிடுங்கி, ‘ஆள் வேலை செய்கிறார், சுவிட்சைத் தொடாதீர்’ என்ற சிவப்பு அட்டையை பிளக்கில் தொங்கவிட்டேன்.

“அந்த பிளக்லதான் மிக்ஸி போடணும். சட்னிக்கு நான் எந்த ஆள்கிட்ட கேக்கணும்?”

லேப்டாப்பைக் கவிழ்த்தேன். ஒரு ஸ்குரூவுக்கும் தலை இல்லை. எல்லாவற்றின் மேலும் சந்தனம், அதன் நடுவில் குங்குமம்.

ஆயுத பூஜை அன்று நானே வைத்தது. ஆலையில் மெஷினுக்கு மட்டுமில்லாமல் போல்ட்டு போல்ட்டாகப் பொட்டு வைப்போம். அதே பக்தியை வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டேன். ஆலையில் மறுநாள் மெஷினை ஓட்டுவதற்கு முன் துணியால் துடைத்துவிடுவோம். வீட்டில், சாமி பொட்டு, இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டேன். கேம் ஆடி ஆடி ஏறிய சூட்டில் சந்தனம் செங்கல்லாகிவிட்டது. ஸ்குரூடிரைவரை வைத்து அழுத்தினேன். வழுக்கியது. இன்னும் அழுத்தினேன். ஒரு ஸ்குரூ என் தலை மாதிரியே வழுக்கையானது.

அப்போது பார்த்துத் தம்பி வீடியோ கால் போட்டான். மறைக்க முடியவில்லை.

“ஸ்குரூவுக்கெல்லாமாண்ணா பொட்டு வெப்ப? நல்லவேளை, எலுமிச்சம்பழம் நசுக்கல.”

“டயர் இல்லியேடா. அதான் விட்டேன்.”

அவன் சிரித்து முடிக்கும்வரை காத்திருந்தோம். பிறகு மனைவி தாலிச் சரட்டிலிருந்து ஊக்கைக் கழற்றி, ஒவ்வொரு ஸ்குரூவாகச் சந்தனத்தைச் சுரண்டி எடுத்தாள். சாமி குத்தம் ஆகாதா என்றேன். “ஆனா உனக்குத்தான் ஆவும்” என்றாள்.

வழுக்கை ஸ்குரூ மட்டும் அசையவில்லை.

“வூட்ல ரப்பர் பேண்டு கீதாண்ணா? அத ஸ்குரூ மேல வெச்சி, அமுக்கிக்கினே திருப்பு” என்றான் தம்பி.

சாம்பார் பார்சலில் வந்த ரப்பர் பேண்டு கிடைத்தது. வைத்து, உடம்பு பாரம் முழுவதையும் மணிக்கட்டில் இறக்கினேன்.

“அண்ணா.”

“சொல்றா.”

“இந்தப் பொங்கலுக்கும் லீவு கெடைக்காது போலக்குது.”

கையை எடுக்கவில்லை. எடுத்தால் பேச்சு நின்றுவிடும் என்று தெரியும். “கேட்டியா?” என்றேன். கேட்டானாம், ரெண்டு வாட்டி. ஆள் இல்லை என்கிறார்களாம். அம்மாவிடம் எப்படிச் சொல்வதென்று தெரியவில்லையாம். “நான் சொல்லிக்கிறேன், விடு” என்றேன். அந்தச் சமயத்தில்தான் ஸ்குரூ மனமிறங்கி ஒரு சுற்று வந்தது.

மூடியைத் தூக்கினோம். பழைய டிரைவ் ஒரு பக்கம். அதன் எதிரே ஒரு ஸ்லாட், ஒன்றும் இல்லாமல்.

“திருநின்றவூர்ல கூட இப்டி ஒரு காலி மனை கெடைக்காதுடா” என்றேன்.

“அப்ப உடனே ரிஜிஸ்டர் பண்ணு” என்றான்.

போட்டோ எடுத்து அனுப்பினேன். எந்த அளவு, எந்த வகை என்று அவன் பார்த்துச் சொல்ல, அங்கேயே உட்கார்ந்து ஆர்டர் போட்டேன். அடுத்த வெள்ளிக்கு முன்னால் வந்துவிடும். வந்ததும் நானே மாட்டுவேன், அன்றைக்கே ரேஸ். அதில் மாற்றமில்லை.

டிரைவ் வரும்வரை சிவப்பு அட்டையை யாரும் தொடக்கூடாது என்று மனைவியிடம் சொன்னேன். அவள் மிக்ஸியைத் தூக்கிக்கொண்டு, நான் தூங்கும் அறைக்குள் கொண்டுபோய் வைத்தாள்.